இருதார மணம்: எந்தத் திருமணம் செல்லும், எது குற்றம், வழக்கை எப்படி நடத்துவது? ஒரு முழுமையான வழிகாட்டி

கணவர் இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று தெரிந்ததும் பெண்கள் முதலில் போவது அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத்தான். மனுவை வாங்கி சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள். இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அப்புறம் "கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். கல்யாண ஆல்பம் காணாமல் போகும், தாலி கட்டியதை நேரில் பார்த்தவர்கள் "எனக்கெதுக்கு வம்பு" என்று ஒதுங்கிவிடுவார்கள்.

இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. இருதார மண வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இரண்டாவது கல்யாணத்தின் சடங்கை நிரூபிப்பதில்தான் இருக்கிறது. அவர்கள் சேர்ந்து வாழ்கிறார்கள், குழந்தை இருக்கிறது, ஊருக்கே தெரியும் என்பதெல்லாம் அந்த இடத்தை நிரப்பாது. அதனால் முதல் வேலை ஆதாரம், அடுத்துதான் புகார்.

கீழே மனைவி புகார் கொடுப்பதாக வைத்தே எழுதுகிறேன். சட்டம் இருபாலருக்கும் பொது. மனைவி இன்னொருவரை மணந்தால் கணவரும் இதே வழியில் வழக்குப் போடலாம்.

சட்டம் எங்கே இருக்கிறது?

அன்றைய சென்னை மாகாணத்தில் இந்து ஆண்கள் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை மணப்பதற்கு 1949-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று முற்றுப்புள்ளி வைத்தது. 1955 மே 18 முதல் இந்து திருமணச் சட்டம் நாடு முழுவதும் அதையே விதியாக்கியது. அதன் 5-ஆம் பிரிவின் முதல் நிபந்தனையே, மணக்கும் நேரத்தில் இருவருக்கும் உயிரோடுள்ள வாழ்க்கைத் துணை இருக்கக் கூடாது என்பது. மீறினால் 11-ஆம் பிரிவின்படி அந்தத் திருமணம் செல்லாது. 17-ஆம் பிரிவு அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது.

தண்டனை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 494, 495-ஆம் பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவு நடைமுறையில் இருக்கிறது. இரண்டாவது திருமணம் அந்தத் தேதிக்கு முன்பு நடந்திருந்தால் பழைய 494-தான் பொருந்தும், பின்பு நடந்திருந்தால் 82. புகாரில் பிரிவை எழுதும்போது இந்தத் தேதியைக் கவனியுங்கள். அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டுகள், கூடவே அபராதம். முதல் திருமணத்தை இரண்டாவது துணையிடம் மறைத்து மணந்திருந்தால் 10 ஆண்டுகள் வரை போகும்.

படி 1: எந்தச் சட்டப்படி நடந்த திருமணம் என்று பாருங்கள்

இருவரும் இந்துக்கள் என்றால் இந்து திருமணச் சட்டம். பௌத்தர், சமணர், சீக்கியரும் இதற்குள் வருவார்கள். கிறிஸ்தவர்களுக்கும் ஒருதார மணமே விதி. முதல் துணை உயிரோடு இருக்க, மணமுறிவும் ஆகாமல் மறுபடி மணந்தால் 82 பாயும்.

முஸ்லிம் ஆண், தன் மதச் சட்டப்படி இரண்டாவதாக மணந்தால் அந்தத் திருமணம் செல்லாததாக ஆவதில்லை. எனவே 82-ஆம் பிரிவு அவர்மீது பாயாது. முஸ்லிம் பெண் முதல் திருமணம் முறியாமல் இன்னொருவரை மணந்தால் பாயும். ஆனால் முதல் திருமணமே 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் நடந்திருந்தால் கதை வேறு. அந்தச் சட்டத்தின் கீழ் மணந்தவர் எந்த மதத்தவராக இருந்தாலும், அந்தத் துணை உயிரோடு இருக்கையில் வேறொரு திருமணம் செய்தால் அது செல்லாது, குற்றமும் ஆகும். சட்டத்தின் 44-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

இந்து ஒருவர் மதம் மாறிவிட்டு இரண்டாவது கல்யாணம் செய்தால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை இன்னும் சிலரிடம் இருக்கிறது. 1995-ல் சரளா முத்கல் வழக்கிலும், 2000-ல் லில்லி தாமஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. மதம் மாறினாலும் இந்து முறைப்படி நடந்த முதல் திருமணம் தானாக முறியாது, இரண்டாவது திருமணம் செல்லாது, தண்டனையும் உண்டு.

படி 2: முதல் திருமணம் சட்டப்படி நிற்கிறதா?

இருதார மணம் என்றால் முதல் திருமணம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். அதையும் புகார்தாரர்தான் நிரூபிக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பதே "உங்கள் கல்யாணத்துக்கு என்ன ஆதாரம்?" என்றுதான். உங்கள் திருமணப் பத்திரிகை, போட்டோ, மண்டப ரசீது, பதிவுச் சான்று, தாலி கட்டியதைப் பார்த்த இரண்டு மூன்று உறவினர்கள் என எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தினரும் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். ஆனால் பதிவு செய்யாததால் மட்டும் ஓர் இந்துத் திருமணம் செல்லாததாகிவிடாது. சான்றிதழ் இல்லையே என்று பயந்து வழக்கைக் கைவிடும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து, "அவளை அப்பவே தீர்த்துவிட்டேன்" என்ற வாதம். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முத்திரைத்தாளில் எழுதி வாங்கி, தாலியைக் கழற்றிக் கொடுத்து, பாத்திரம் பண்டத்தைத் திருப்பிவிட்டால் விவாகரத்து ஆகிவிட்டதாகப் பல கிராமங்களில் இன்றும் நம்புகிறார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு வழக்காற்றுப்படியான மணமுறிவை ஏற்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாக, இடைவெளியில்லாமல் அப்படி ஒரு வழக்காறு இருந்து வருகிறது என்று அதைச் சொல்பவர் நிரூபிக்க வேண்டும். வெறும் பத்திரத்தை நீட்டினால் போதாது. நோட்டரி முத்திரை குத்தியிருந்தாலும் அது விவாகரத்துத் தீர்ப்பு ஆகாது. இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, நல்லெண்ணத்தோடு மறுமணம் செய்துகொண்டு பிறகு குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்களும் உண்டு. யாராவது உங்களிடம் அப்படி ஒரு பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பரஸ்பர சம்மத விவாகரத்துக்குக் குடும்ப நல நீதிமன்றம் இருக்கிறது.

விவாகரத்து வழக்கு நிலுவையில் இருக்கும்போது நடக்கும் திருமணமும் இருதார மணமே. "கேஸ் போட்டாச்சு" என்பது விடுதலை ஆகாது. தீர்ப்பு வந்த பிறகும் மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. அந்தக் காலத்துக்குள் அவசரப்பட்டு நடந்த திருமணம் அதனால் மட்டுமே செல்லாததாகாது என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லியிருக்கிறது. ஆனாலும் மேல்முறையீடு எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கையில் வைத்துக்கொண்டு மணப்பதே பாதுகாப்பு.

சட்டம் தரும் விலக்குகள் இரண்டு. முதல் திருமணம் செல்லாது என்று நீதிமன்றமே அறிவித்திருப்பது ஒன்று. முதல் துணையைப் பற்றி 7 ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லாமல் இருப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது விலக்கு வேண்டும் என்றால், அந்த விவரத்தைப் புதிய துணையிடம் மணப்பதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். தண்டனையிலிருந்துதான் இந்த விலக்கு காப்பாற்றும். காணாமல் போனவர் உயிரோடு திரும்பி வந்துவிட்டால், இந்து திருமணச் சட்டப்படி இரண்டாவது திருமணம் செல்லாததாகவே இருக்கும்.

படி 3: இரண்டாவது திருமணத்தில் என்ன சடங்கு நடந்தது?

இங்கேதான் வழக்குகள் விழுகின்றன. சட்டத்தின் வாசகம் அப்படி. முதல் துணை உயிரோடு இருப்பதால் செல்லாமல் போன திருமணமாக அது இருக்க வேண்டும். அதாவது முதல் திருமணம் மட்டும் குறுக்கே இல்லாவிட்டால், இரண்டாவது திருமணம் எல்லா வகையிலும் முறையான திருமணமாக நின்றிருக்க வேண்டும். சடங்கிலேயே குறை இருந்தால் அது சட்டத்தின் கண்ணில் திருமணமே இல்லை. திருமணம் இல்லாதபோது இருதாரம் எங்கே?

1965-ல் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. இரண்டாவது மணம் காந்தர்வ முறையில் (இருவரின் சம்மதத்தை அடிப்படையாகக் கொண்ட பழைய முறை) நடந்ததாகச் சொன்னார்கள். ஹோமமும், அக்கினி முன்னால் ஏழு அடி நடக்கும் சப்தபதியும் நடந்ததாகவோ, அவை இல்லாமலே திருமணம் முழுமையாகும் என்ற வழக்காறு அந்தச் சமூகத்தில் இருந்ததாகவோ நிரூபிக்க முடியவில்லை. தண்டனை ரத்தானது. அதற்குப் பிறகு வந்த இன்னொரு தீர்ப்பு, குற்றம் சாட்டப்பட்டவர் "ஆமாம், மணந்துகொண்டேன்" என்று ஒப்புக்கொண்டிருந்தாலும் அந்த ஒப்புதல் மட்டும் சடங்கை நிரூபிக்காது என்றது. முதல் மனைவிக்கு இதெல்லாம் எவ்வளவு பெரிய அநீதியாகத் தெரியும் என்று எனக்குப் புரிகிறது. குடும்பத்தையே உடைத்த ஒருவர், ஏழு அடி நடக்காததால் தப்பிக்கிறார். ஆனாலும் சட்டம் இப்படித்தான் நிற்கிறது, அதைத் தெரிந்துகொண்டுதான் வழக்கை நடத்தியாக வேண்டும்.

தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இங்கே ஒரு பெரிய பலம் இருக்கிறது. சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1967-ல் அண்ணா தலைமையிலான அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்து அவற்றுக்குச் சட்ட உரிமை தந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், ஒருவரை ஒருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாகத் தங்களுக்குப் புரியும் மொழியில் சொன்னாலே திருமணம். மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ திருமணம். தாலி கட்டினாலும் திருமணம். இவற்றில் ஏதாவது ஒன்று போதும், புரோகிதரோ ஹோமமோ தேவையில்லை.

ஐயரும் அக்கினியும் இல்லாமல் மணக்க விரும்பியவர்களுக்காக வந்த பிரிவு இது. அது இருதார மண வழக்கில் முதல் மனைவிக்கு எப்படிக் கைகொடுக்கிறது என்பதை 2001-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு தமிழ்நாட்டு வழக்கு காட்டுகிறது. கணவர் 1984-ல் திருத்தணியில் ஒரு மண்டபத்தில் இரண்டாவதாக மணந்தார். நடத்தி வைத்த புரோகிதரே சாட்சி சொன்னார்: தாலி கட்டினார்கள், மூன்று முறை மாலை மாற்றினார்கள், பெண்ணின் தகப்பனார் தாரை வார்த்தார். சப்தபதி மட்டும் நடக்கவில்லை. அதைச் சொல்லி விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 7-அ இருக்கும்போது தமிழ்நாட்டில் இரு இந்துக்களுக்கு இடையே தாலியும் மாலையும் போதும், சப்தபதி எல்லாத் திருமணத்துக்கும் கட்டாயமில்லை என்று சொல்லி, கணவர் குற்றவாளிதான் என்ற முடிவை உறுதி செய்தது. உங்கள் வக்கீல் இந்தத் தீர்ப்பைப் படித்திருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

2023-ல் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. 7-அ திருமணத்துக்கு ஊரைக் கூட்டிப் பகிரங்கமாக நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை. அறைக்குள் நாலு பேர் முன்னால் நடந்ததும் திருமணமே. ரகசியமாகத்தான் நடந்தது, அதனால் கல்யாணமே ஆகவில்லை என்று சொல்லித் தப்பிக்கும் வழியும் இதனால் சுருங்கிவிட்டது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களையும் சொல்லிவிடுகிறேன். 7-அ தமிழ்நாட்டுத் திருத்தம். திருப்பதியிலோ குருவாயூரிலோ நடந்த கல்யாணத்துக்கு அதை மட்டும் நம்பாமல், அங்கே என்னென்ன சடங்கு நடந்தது என்று முழுமையாக விசாரித்து வையுங்கள். மணந்தவர்களில் ஒருவர் இந்துவும் மற்றவர் கிறிஸ்தவருமாக இருந்து கோயிலில் தாலி கட்டியிருந்தால், இந்து திருமணச் சட்டத்தின்படி அது திருமணமே ஆகாது, வழக்கு அங்கேயே ஆட்டம் காணும். வெறும் பதிவுச் சான்றும் ஆபத்து. சடங்கு ஏதும் நடக்காமல் பெற்ற சான்றிதழ் இந்துத் திருமணத்தை உண்டாக்காது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் அதிகாரி முன்னிலையில் நடந்த பதிவுத் திருமணத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே அந்த நடைமுறையே திருமணம்.

தாலி, மாலை எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்வது மட்டும் என்றால் 82 வராது. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய பிரிவையும் 2018-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. விவாகரத்துக்கும் ஜீவனாம்சத்துக்கும் அது காரணமாகும், சிறைக்கு ஆகாது.

படி 4: ஆதாரத்தைத் திரட்டுங்கள்

முதலிடம் நேரில் பார்த்த சாட்சிக்கு. தாலி கட்டியதைக் கண்ணால் பார்த்த ஒருவர், பத்து ஆவணங்களைவிட மேல். புரோகிதர், போட்டோகிராபர், சமையல்காரர், மண்டப மேலாளர், இரு வீட்டுக்கும் பொதுவான தூரத்து உறவு என்று யோசித்து ஒரு பட்டியல் போடுங்கள். எங்கே நின்றார்கள், என்ன பார்த்தார்கள், எத்தனை மணி முகூர்த்தம் என்பது அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும். "கல்யாணத்துக்குப் போயிருந்தேன், சாப்பிட்டேன்" என்பது போதாது.

கோயிலில் நடந்திருந்தால் கோயில் அலுவலகத்தில் கல்யாணத்துக்குக் கட்டிய ரசீதும் பதிவேடும் இருக்கும். கூடவே கொடுத்த மனு, அடையாள அட்டை நகல்கள், இது முதல் திருமணம் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய சான்று போன்றவையும் இருக்கலாம். அந்தச் சான்று பொய்யாக வாங்கப்பட்டிருந்தால் ஏமாற்று வேலைக்கு அதுவே நல்ல ஆதாரம். உங்களுக்கு நகல் தர மறுத்தால் பரவாயில்லை, ஆவணம் இருக்கும் இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்குப் போட்ட பிறகு நீதிமன்றம் சம்மன் அனுப்பி வரவழைக்கும். சார்பதிவாளர் அலுவலகத் திருமணப் பதிவு மனுவிலும் சடங்கு நடந்த இடம், தேதி, சாட்சிகள் பெயர் இருக்கும். அந்தச் சாட்சிகளையே நீங்கள் கூண்டில் ஏற்றலாம்.

போட்டோ, வீடியோ, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், பேஸ்புக் பதிவு எல்லாவற்றையும் உடனே சேமியுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்த போனை விற்றுவிடாதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். மின்னணு ஆதாரத்துடன் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின் கீழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் நல்ல வீடியோக்கள்கூட நிராகரிக்கப்படலாம். போட்டோகிராபர் கிடைத்தால் மூலக் கோப்பையும் அவரது சாட்சியத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

ரேஷன் அட்டையில் பெயர், குழந்தையின் பிறப்புச் சான்றில் தகப்பன் பெயர், வாக்காளர் பட்டியல் போன்றவை துணை ஆதாரங்கள் மட்டுமே. "இவர்கள் கணவன் மனைவியாகத்தான் வாழ்கிறார்கள்" என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் கருத்து இந்தக் குற்ற வழக்கில் திருமணத்தை நிரூபிக்கப் போதாது என்று சாட்சியச் சட்டமே சொல்லியிருக்கிறது. ஜீவனாம்ச வழக்கில் அதே ஆவணங்களும் சாட்சிகளும் நன்றாகவே உதவும்.

படி 5: இன்னும் நடக்கவில்லை என்றால் தடுத்துவிடுங்கள்

பத்திரிகை அடித்துவிட்டார்கள், தேதி குறித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். குடும்ப நல நீதிமன்றத்தில் தடையாணை கேட்டு மனுப்போடலாம், அவசரமாக இடைக்காலத் தடையும் கேட்கலாம். அன்றே உங்கள் திருமணச் சான்றின் நகலை இணைத்து மண்டபத்துக்கும் கோயில் செயல் அலுவலருக்கும் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். நேரிலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தால் 30 நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பெண் வீட்டாருக்கு நேரடியாகத் தெரியப்படுத்துவதும் நல்லது. முதல் திருமணம் இருப்பதே தெரியாமல் பெண் கொடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்தே காப்பாற்றப்படும்.

படி 6: புகார் – யார், எங்கே, எப்படி?

82-ஆம் பிரிவு பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் அல்ல, ஜாமீனில் விடக்கூடியதும்கூட. நீதிமன்றமும் பாதிக்கப்பட்டவரின் புகாரின் பேரில்தான் இதை விசாரணைக்கு எடுக்க முடியும். எனவே வழி, குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் தனிநபர் புகார். மனைவிக்காக அவரது தகப்பன், தாய், உடன்பிறந்தவர்கள், மகன், மகள், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் ஆகியோரும் புகார் கொடுக்கலாம். மற்ற உறவினர் என்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். மனம் உடைந்து படுத்துவிட்ட தங்கைக்காக அண்ணன் வழக்குப் போட முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கணவரும் அவர் வீட்டாரும் அடித்து உதைத்தோ வரதட்சணை கேட்டோ கொடுமை செய்திருந்தால், அது நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவின் கீழ் போலீஸ் வழக்குப் பதியக்கூடிய குற்றம். அதனுடன் இருதார மணமும் சேர்ந்திருந்தால் இரண்டையும் ஒரே எஃப்.ஐ.ஆரில் விசாரிக்கலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கொடுமை உண்மையிலேயே நடந்திருந்தால் மட்டும் இந்த வழியில் போங்கள். வழக்குக்கு வலு சேர்க்க இட்டுக்கட்டினால், குறுக்கு விசாரணையில் உண்மையான பகுதியும் சேர்ந்தே நம்பகம் இழந்துவிடும்.

எந்த ஊர் நீதிமன்றம்? இரண்டாவது கல்யாணம் நடந்த ஊரில் போடலாம். நீங்களும் கணவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரில் போடலாம். குற்றத்துக்குப் பிறகு நீங்கள் நிரந்தரமாகக் குடியேறிய ஊரிலும், அது தாய்வீடாக இருந்தாலும், போடலாம். கணவர் வெளியூரில் மணந்துகொண்டதால் அங்கே அலைய வேண்டியதில்லை.

காலவரம்பு பற்றிய பயமும் வேண்டாம். 3 ஆண்டுகளுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குப் புகார் கொடுக்கக் காலக்கெடு இல்லை. ஆனாலும் தாமதத்துக்கு ஒரு வரியில் காரணம் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

புகாரில் இருக்க வேண்டியவை: முதல் திருமணம் நடந்த தேதி, இடம், சடங்கு, அது இன்றுவரை முறியவில்லை என்ற விவரம், இரண்டாவது திருமணத்தின் தேதி, இடம், அங்கே நடந்த ஒவ்வொரு சடங்கும், பார்த்த சாட்சிகளின் பட்டியல், ஆவணப் பட்டியல். "திருமணம் செய்துகொண்டார்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். "இன்னாருக்கு இத்தனை மணிக்கு இந்த இடத்தில் தாலி கட்டினார், மாலை மாற்றிக்கொண்டார்கள், அங்கே இன்னின்னார் இருந்தார்கள்" என்று எழுதச் சொல்லுங்கள்.

அதன்பின் நடுவர் உங்களையும் சாட்சிகளையும் சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரிப்பார். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-ஆம் பிரிவின்படி, வழக்கைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பே எதிரிக்கும் (குற்றம் சாட்டப்பட்டவருக்கும்) தன் தரப்பைச் சொல்ல ஒரு வாய்ப்பு தரப்படும். பிறகு சம்மன், குற்றச்சாட்டு வனைவதற்கு முந்தைய சாட்சியம், குற்றச்சாட்டு, குறுக்கு விசாரணை என்று நீளும். வாய்தாவுக்குப் போகாமல் விட்டுவிடாதீர்கள். புகார்தாரர் வராததைக் காரணமாக்கி எதிரியை விடுவிக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100. உடனடிப் பாதுகாப்பு வேண்டுமென்றால் மகளிர் உதவி எண் 181.

யார் யாரை எதிரியாகச் சேர்ப்பது?

கோபத்தில் மாமனார், மாமியார், நாத்தனார், கல்யாணத்துக்கு வந்த நண்பர் என்று எல்லோரையும் சேர்த்துவிடுவது வழக்கம். இது வழக்கைக் கெடுக்கும். முதன்மைக் குற்றவாளி மறுபடி மணந்த உங்கள் துணைதான். மற்றவர்கள், தெரிந்தே அந்தத் திருமணம் நடக்கத் துணைபோனார்கள் என்று குறிப்பான செயலைக் காட்டினால் மட்டுமே சிக்குவார்கள். சும்மா உடன் இருந்தார்கள் என்பதற்காக உறவினரையும் நண்பர்களையும் இழுக்க முடியாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு வழக்கை ரத்து செய்தது. தேவையில்லாத ஒவ்வொரு எதிரியும் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுப் போட்டு உங்கள் வழக்கை வருடக்கணக்கில் நிறுத்திவைக்கக் கூடியவர்.

தண்டனை எவ்வளவு கிடைக்கும்? முதல் வகுப்பு நடுவர் 3 ஆண்டுகளுக்கு மேல் தர முடியாது. நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே வரும். ஆனால் பேருக்குத் தண்டிப்பதை உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. விவாகரத்து வழக்கு நிலுவையில் இருக்கும்போதே மனைவி வேறொருவரை மணந்த ஒரு தமிழ்நாட்டு வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் அன்று கோர்ட் கலையும்வரை சிறை என்று தண்டித்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ஆறு மாதமாக உயர்த்தியது. அந்த மனைவிக்கும் அவர் மணந்தவருக்கும் சிறு குழந்தை இருந்ததால், ஒருவர் தண்டனையை முடித்து வந்த பிறகு மற்றவர் சரணடையலாம் என்றும் ஏற்பாடு செய்தது.

ஏமாற்றப்பட்ட இரண்டாவது பெண்ணுக்கு

முதல் மனைவி இருப்பதே தெரியாமல் கழுத்தை நீட்டிய பெண்ணும் பாதிக்கப்பட்டவர்தான். முதல் திருமணத்தை மறைத்து மணந்ததற்காக அவரே புகார் கொடுக்கலாம் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தன் திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கோரி 11-ஆம் பிரிவில் மனுப்போடவும் அவருக்கு உரிமை உண்டு. முதல் மனைவி அந்த 11-ஆம் பிரிவு மனுவைப் போட முடியாது, அது அந்தத் திருமணத்தின் இரு தரப்புக்கு மட்டுமே உரியது. முதல் மனைவி குடும்ப நல நீதிமன்றத்தில் தனியாக விளம்புகை (அந்தத் திருமணம் செல்லாது என்ற அறிவிப்பு) கோர வேண்டும்.

மறைத்து மணந்த கணவர், "நம் திருமணமே செல்லாதே" என்று சொல்லி அந்தப் பெண்ணின் ஜீவனாம்சத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. தன் தவறைக் காட்டித் தானே லாபம் அடையக் கூடாது என்பதுதான் நீதிமன்றங்களின் நிலை. செல்லாத திருமணத்தில் இருந்தவருக்கும் இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் கீழ் நிரந்தர ஜீவனாம்சம் தரலாம் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

படி 7: குற்ற வழக்கு ஓடட்டும், ஜீவனாம்சத்தை இன்றே கேளுங்கள்

குற்ற வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும், அதில் தோற்கவும் வாய்ப்பு உண்டு. ஜீவனாம்சத்தை அதற்காக நிறுத்திவைக்கவே கூடாது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் மனுப்போடுங்கள், இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். "சேர்ந்து வாழக் கூப்பிட்டேன், வரவில்லை" என்று கணவர் சொன்னால், அவர் வேறொருத்தியை மணந்திருப்பதே நீங்கள் தனித்து வாழப் போதிய காரணம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றப் பார்த்தால் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் குடியிருப்பு உரிமை உத்தரவு வாங்கலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் கருணையோடு நடந்துகொள்கிறது. செல்லாத திருமணத்தில் பிறந்தாலும் இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி அவர்கள் சட்டப்படியான பிள்ளைகளே. பெற்றோர் சொத்தில் பங்குண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்குப் பிரிந்து வரக்கூடிய பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இரண்டாவது பெண்ணின் பிள்ளைகளை வாரிசுப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும் என்று வழக்காடிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

கணவர் அரசு ஊழியர் என்றால் இன்னொரு வழியும் திறக்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளும், மத்திய அரசின் நடத்தை விதிகளில் 21-ஆம் விதியும், துணை உயிரோடு இருக்கையில் மறுமணம் செய்வதைத் தடை செய்கின்றன. துறைத் தலைவருக்கு ஆதாரங்களோடு மனுக் கொடுக்கலாம். துறை விசாரணையில் குற்ற வழக்கு அளவுக்குக் கறாரான நிரூபணம் தேவையில்லை. ஆனால் வேலையே போய்விட்டால் உங்கள் ஜீவனாம்சமும் குடும்ப ஓய்வூதியமும் ஆட்டம் காணும். மனுக் கொடுப்பதற்கு முன் இதை உட்கார்ந்து யோசியுங்கள். பணிப்பதிவேட்டிலும் ஓய்வூதிய நியமனத்திலும் யார் பெயர் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சமரசம் பேச வந்தால்

வழக்கு இறுகியதும் பெரியவர்கள் வருவார்கள். மறைத்து மணக்காத சாதாரண இருதார மண வழக்கை, நீதிமன்ற அனுமதியோடு முதல் துணை சமரசமாக முடித்துக்கொள்ளலாம். முடிப்பதா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் விருப்பம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. முடிப்பதாக இருந்தால் வாய்ப்பேச்சை நம்பி வாபஸ் வாங்காதீர்கள். தொகையில் பெரும்பகுதி வங்கிக் கணக்கில் வந்து சேரட்டும். நகை, சீர்வரிசை கைக்கு வரட்டும். வீடோ நிலமோ தருவதாகச் சொன்னால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகட்டும். பிள்ளைகளின் படிப்புச் செலவு, விவாகரத்து உண்டா இல்லையா, உண்டென்றால் யார் மனுப் போடுவது என எல்லாவற்றையும் குடும்ப நல நீதிமன்றத்தின் முன் எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதன் சான்றிட்ட நகலை வாங்கிய பிறகு, கடைசித் தவணை வந்த நாளில் நடுவர் நீதிமன்றத்தில் சமரச மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.